குளம் வான் பாயுது என்றால் எந்தக் குளம்?

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். ஓர் உதவி நிறுவனத்தில் இரண்டு வருடமாக வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். கிழமைக்கு ஓர் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வினைச்சொல், காலம் எல்லாம் ஒரு மாதிரிச் சமாளித்துவிட்டேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற 'எ', 'ஆன்', 'த' (a, an, the) மூன்றும்தான் உயிரை எடுக்கின்றன. போட்ட இடத்தில் வெட்டுகிறார்கள், போடாத இடத்தில் சிவப்பு வட்டம் போடுகிறார்கள். 'முதல் தரம் வந்தால் எ, இரண்டாம் தரம் வந்தால் த' என்று ரியூசனில் சொல்லித் தந்தார்கள். அப்படி எழுதியும் பிழைக்கிறது. தமிழில் இல்லாத ஒன்றை எங்கள் தலைக்குள் எப்படி ஏற்றுவது? என் அறிக்கையில் ஒரு பந்தியை இத்துடன் எழுதியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, 'தமிழில் இல்லாத ஒன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயிருந்து தொடங்குவோம். தமிழில் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் நிற்பது, தமிழில் சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது.

வீட்டில் அப்பா தம்பியைக் கூப்பிட்டு, "மண்வெட்டி வாங்கிக்கொண்டு வா" என்கிறார். தம்பி என்ன செய்வான்? காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போவான். அதே அப்பா, "மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வா" என்றால்? காசு கேட்கமாட்டான். பக்கத்து வளவுக்குப் போய், போன கிழமை இரவல் கொடுத்த மண்வெட்டியைத் திருப்பி வாங்கி வருவான். ஒரு சின்ன 'ஐ'. அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு மண்வெட்டி. இருந்தால் இரண்டு பேருக்கும் தெரிந்த மண்வெட்டி. முதலாவது ஆங்கிலத்தில் 'எ', இரண்டாவது 'த'. பத்து வயதுப் பெடியனுக்கே விளங்குகிற இந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்காமல் போகாது. நீங்கள் அதை இலக்கணம் என்று நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஆட்களைச் சொல்லும்போது தமிழில் பெரும்பாலும் 'ஐ' வந்துவிடும்: 'ஒரு பெடியனைக் கண்டேன்'. எழுவாயில் 'ஐ' வரவே வராது. ஆனால் கிணறு, குளம், படிவம், காசு என்று பொருட்கள் செயப்படுபொருளாக வருகிற வாக்கியங்கள்தான் உங்கள் அறிக்கையில் பாதிக்கு மேல். அங்கே இது நன்றாக உதவும். தமிழில் அதே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். 'படிவம் கொடுத்தோம்' என்று வந்தால் 'எ ஃபோர்ம்'. 'படிவத்தைக் கொடுத்தோம்' என்று வந்தால் 'த ஃபோர்ம்'.

'எ' என்றால் 'ஒரு', 'த' என்றால் 'அந்த' என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னதும் ஒரு தொல்லை. முதற் பாதி பெரும்பாலும் சரி. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற சொல்தான் தேய்ந்து 'ஆன்' ஆகி, இன்னும் தேய்ந்து 'எ' ஆனது. இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். 'அந்த' என்பது கை நீட்டிக் காட்டுவது. அதற்கு ஆங்கிலத்தில் 'தட்' இருக்கிறது. 'த' யாரையும் சுட்டிக் காட்டாது. 'எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே' என்று எதிரில் இருப்பவரிடம் தலையை ஆட்டுவது மாதிரி அது.

அந்த எதிரில் இருப்பவரைத்தான் நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். நானும் மறந்தவன்தான், சொல்கிறேன்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு வெளிநாட்டு ஆட்கள் வன்னிக்கு நிறைய வந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த வாத்திமாரைத் தேடி மொழிபெயர்ப்பு வேலை தானாக வந்தது. நானும் ஒரு பொறியியலாளருடன் சிறு குளங்கள் பார்க்கப் போனேன். ஓரிடத்தில் வாகனம் நின்றது. 'வீ கான்ட் கோ. த பிரிட்ஜ் இஸ் புரோக்கன்' என்றேன். மனிதர் வரைபடத்தை மடியில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'விச் பிரிட்ஜ்?' என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தப் பாலமா? இந்தப் பாதையில் இருப்பதே ஒரு பாலம்! ஆனால் அது எனக்கும் சாரதிக்கும் தெரிந்த விசயம். அந்த மனிதர் அன்றைக்குக் காலைதான் வந்து இறங்கியிருந்தார். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆளைப் பாராமல் பேசினேன். 'தேர் இஸ் எ பிரிட்ஜ் அஹெட்' என்று தொடங்கியிருந்தால் வரைபடம் மடிந்தபடியே இருந்திருக்கும்.

மாரியில் கிளிநொச்சிச் சந்தையில் நின்று ஒருவர் "குளம் வான் பாயுது" (நிரம்பி வழிகிறது) என்றால் அது இரணைமடு. 'எந்தக் குளம்' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதே சொல்லை முத்தையன்கட்டில் நின்று சொன்னால் முத்தையன்கட்டுக் குளம். மல்லாவிப் பக்கம் சொன்னால் வவுனிக்குளம். மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் 'த டாங்க் இஸ் ஸ்பில்லிங்' என்பது சரியான வாக்கியம்தான். அதே வாக்கியத்தைக் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு நீங்கள் அனுப்பினால், அவருக்கு எந்தக் குளம்? முதலில் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அடுத்த வரியில் இருந்து 'த டாங்க்' போதும்.

ஆகவே 'முதல் தரம் எ, இரண்டாம் தரம் த' என்ற ரியூசன் சூத்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். முதல் தரம் சொல்லும்போது வாசிப்பவருக்குத் தெரியாது, இரண்டாம் தரம் தெரிந்துவிடும். அதனால்தான் அது பல இடத்தில் பலிக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பாடமாக்கினால் பிழைக்கும்.

சரி, உங்கள் பந்திக்கு வருவோம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டு வாசியுங்கள். அப்படி எழுதுவதில் ஒரு இலாபமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நீங்கள் எழுதியது இது:

"வீ விசிட்டட் ஃபாமிலி இன் த முல்லைத்தீவு. த ஃபாமிலி ஹாஸ் வெல். வெல் ஹாஸ் நோ வோல். த ஃபாதர் இஸ் ஃபிஷர்மன். த சில்ட்ரன் கோ டு த ஸ்கூல். வீ கேவ் ஆன் அட்வைஸ்."

நான் திருத்தினால் இப்படி வரும்:

"வீ விசிட்டட் எ ஃபாமிலி இன் முல்லைத்தீவு. த ஃபாமிலி ஹாஸ் எ வெல். த வெல் ஹாஸ் நோ வோல். த ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன். த சில்ட்ரன் கோ டு ஸ்கூல். வீ கேவ் தெம் ஸம் அட்வைஸ்."

குடும்பத்தைக் கொழும்புக்காரர் இப்போதுதான் சந்திக்கிறார், எனவே 'எ ஃபாமிலி'. கிணறும் அப்படித்தான், அடுத்த வரியில் அது தெரிந்த கிணறு ஆகிவிட்டது. இதுவரை சூத்திரம் வேலை செய்கிறது. ஆனால் 'த ஃபாதர்' என்று எழுதியிருக்கிறீர்களே, தகப்பனை அதற்கு முன்னால் எங்கேயும் சொல்லவில்லை. சூத்திரப்படி 'எ' வந்திருக்க வேண்டும். நீங்கள் 'த' போட்டீர்கள், அதுதான் சரி. குடும்பம் என்று சொன்னவுடனேயே தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாரும் வாசிப்பவரின் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கிணறு என்றால் கட்டும் வாளியும் வருவது போல. ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது முதல் தரமே 'த ஜீ.எஸ்.' என்று எழுதலாம், ஊருக்கு ஒரு கிராம சேவகர் இருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த இடத்தில் உங்கள் காது சூத்திரத்தை வென்றிருக்கிறது. கவனித்தீர்களா?

'த ஃபாதர் இஸ் ஃபிஷர்மன்' என்பது சுத்தத் தமிழ். 'அவர் மீனவர்' என்றுதான் நாங்கள் சொல்வோம், 'அவர் ஒரு மீனவர்' என்பது மேடைப் பேச்சு. ஆங்கிலத்தில் ஒருவரின் தொழிலைச் சொல்லும்போது 'எ' கட்டாயம். 'ஐ ஆம் எ ஃபீல்ட் ஒஃபிஸர்', 'ஷீ இஸ் எ மிட்வைஃப்'. நேர்முகத் தேர்வில் முதல் வாக்கியத்திலேயே எங்கள் பிள்ளைகள் விழுகிற குழி இது. இந்த இடத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் 'த' இருக்கக் கூடாதா? இருக்கலாம், கருத்து மாறும். பிள்ளை படிக்கப் போனால் 'கோஸ் டு ஸ்கூல்'. தாய் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் 'கோஸ் டு த ஸ்கூல்'. முதலாவது படிப்பு, இரண்டாவது கட்டடம். இலங்கையில் நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய ஆங்கிலத்தில் ஆஸ்பத்திரிக்கும் இதே கதை: 'ஹீ இஸ் இன் ஹொஸ்பிட்டல்' என்றால் வார்டில் படுத்திருக்கிறார், 'ஹீ இஸ் இன் த ஹொஸ்பிட்டல்' என்றால் ஆரஞ்சும் சோடாவும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். தேவாலயத்துக்கு 'கோ டு சேர்ச்', கோயிலுக்கு மட்டும் 'கோ டு த டெம்பிள்'. ஏன் இந்தப் பாகுபாடு என்று பிள்ளையாரிடம்தான் கேட்க வேண்டும்.

'அட்வைஸ்'. தமிழில் இரண்டு ஆலோசனை, நாலு ஆலோசனை என்று எண்ணுவோம். ஆங்கிலம் அதை அரிசி மாதிரி வைத்திருக்கிறது. 'ஒரு அரிசி வாங்கினேன்' என்று யாராவது சொல்வார்களா? கொத்தால் அளப்போம், எண்ணமாட்டோம். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்குவிப்மென்ட்' நான்கும் அரிசிச் சாக்குக்குள் இருப்பவை. அவற்றுக்கு முன்னால் 'எ', 'ஆன்' வராது, பின்னால் 'எஸ்' வராது. உங்கள் வேலையில் இந்த நான்கும் அடிக்கடி வருவதால் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இலாபத்தைச் சொல்கிறேன். 'எ'யா 'ஆன்'ஆ என்ற குழப்பத்துக்கு ஆங்கில எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிர் என்றால் 'ஆன்', உயிர்மெய் என்றால் 'எ'. தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று எழுதுகிற அதே காரணம். இரண்டு உயிர் முட்டினால் நாக்குத் தடுக்கும். யூனிவர்சிட்டி 'ய'வில் தொடங்குகிறது, எனவே 'எ யூனிவர்சிட்டி'. ஆங்கிலத்தில் அது உயிரெழுத்தில் தொடங்குவதைப் பார்த்துத்தான் எல்லாரும் 'ஆன்' போட்டுப் பிழைக்கிறார்கள். அதேபோல் 'எ யூ.என். வெஹிக்கிள்', ஆனால் 'ஆன் என்.ஜீ.ஓ.'. 'எ பி.எச்.ஐ.' (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), ஆனால் 'ஆன் எம்.ஓ.எச்.' (சுகாதார வைத்திய அதிகாரி). உங்கள் அலுவலகம் மாதத்துக்கு நாலு நடத்துகிறதே, அது 'எ வன் டே வேர்க்‌ஷொப்'. மணித்தியாலம் 'அவர்', எனவே 'ஆன் அவர்'. ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நாக்குக் காலை வாரும்: வருடத்தை நாங்கள் 'இயர்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயர் அதன் முன்னால் ஒரு 'ய்' வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் அது 'எ இயர்'. 'ஆன்' போட்டால் காதைக் குறிக்கும் சொல் ஆகிவிடும்!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பந்தியை விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"ஃபியூ ஃபாமிலீஸ் ஹாவ் டொய்லெட்ஸ்" என்று ஒரு வாக்கியம். "எ ஃபியூ ஃபாமிலீஸ் ஹாவ் டொய்லெட்ஸ்" என்று இன்னொன்று. வித்தியாசம் ஓரெழுத்து. முதலாவதன் கருத்து: மலசலகூடம் உள்ள குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம், ஏதோ ஒன்றிரண்டுதான். இரண்டாவதன் கருத்து: சில குடும்பங்களுக்கு இருக்கிறது. முதலாவதை வாசிப்பவர் ஐயோ என்பார். இரண்டாவதை வாசிப்பவர் பரவாயில்லை என்று அடுத்த பக்கம் புரட்டுவார். 'லிட்டில் வோட்டர்', 'எ லிட்டில் வோட்டர்' இரண்டும் இதே மாதிரி: கிணற்றில் தண்ணீர் இல்லாத குறை, கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிற ஆறுதல். பல வருடம் பிறருடைய அறிக்கைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் 'சில' என்று நினைத்து 'எ'யை விட்டுவிடுவார்கள், அல்லது 'மிகச் சில' என்று நினைத்து 'எ'யைப் போட்டுவிடுவார்கள். மற்றப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் விழும். இதற்கு விழாது, ஏனென்றால் இரண்டுமே சரியான ஆங்கிலம். திருத்துகிறவர் அந்த ஊருக்குப் போனவரில்லை. போன ஆள் நீங்கள் மட்டும்தான். தொலைபேசியில் இருக்கிற திருத்தும் செயலிக்கும் உங்கள் ஊரில் எத்தனை மலசலகூடம் என்று தெரியாது.

இடப்பெயர்களுக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஊர், மாவட்டத் தலைநகர், நாடு இவற்றின் பெயருக்கு முன் பெரும்பாலும் 'த' வராது: முல்லைத்தீவு, மாங்குளம், ஸ்ரீ லங்கா. ஆனால் வன்னிக்கு வரும்! ஆங்கிலப் பத்திரிகைகளில் 'த வன்னி' என்று பார்த்திருப்பீர்கள். அது ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு பெரும் நிலப்பரப்பின் பெயர். பஞ்சாபையும் முன்னர் அப்படி எழுதினார்கள். யாழ்ப்பாணத்துக்கு இல்லை, குடாநாட்டுக்கு உண்டு: 'ஜஃப்னா', 'த ஜஃப்னா பெனின்சுலா'. வீதிக்கு இலக்கம் இருந்தால் உண்டு, பெயர் இருந்தால் பெரும்பாலும் இல்லை: 'தி ஏ9' ('த'வேதான், உயிருக்கு முன்னால் 'தி' என்று ஒலிக்கும்), 'கண்டி ரோட்'. ஆறு, கடல் என்றால் உண்டு. 'த நோர்தர்ன் புரொவின்ஸ்' உண்டு. 'ஜஃப்னா யூனிவர்சிட்டி' என்றால் இல்லை, 'த யூனிவர்சிட்டி ஒஃப் ஜஃப்னா' என்றால் உண்டு. மொழிக்கு இல்லவே இல்லை. 'ஐ டோன்ட் லைக் தி இங்லிஷ்' என்று ஒரு மாணவன் எனக்கு எழுதித் தந்தான். ஆங்கிலப் பாடம் பிடிக்காது என்று சொல்ல வந்தவன் ஆங்கிலேயரையே பிடிக்காது என்று எழுதியிருந்தான். கட்டுரைக்குப் புள்ளி குறைத்தேன், துணிச்சலுக்குக் கொஞ்சம் கூட்டினேன்.

'த'வை அள்ளித் தெளிக்கிற பழக்கமும் உங்களிடம் இருக்கிறது. பொதுவாக விவசாயிகள் எல்லாரையும் சொன்னால் 'ஃபார்மர்ஸ் நீட் வோட்டர்' போதும். 'த ஃபார்மர்ஸ்' என்று எழுதினால் வாசிப்பவர் 'எந்த விவசாயிகள்?' என்று மேலே போய்த் தேடுவார். அதே நேரம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று வரும் இடத்தில் 'த' தயங்காமல் வரட்டும்: இரணைமடு 'த பிகெஸ்ட் டாங்க் இன் த நோர்தர்ன் புரொவின்ஸ்'. பெரியது ஒன்றுதானே இருக்கும்.

எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். புதிய இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம், உங்கள் அலுமாரியில் இருப்பதே போதும். சிவப்பு வட்டம் போட்ட உங்கள் பழைய அறிக்கை ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் போதும். பெயர்ச்சொல் வருகிற ஒவ்வோர் இடத்திலும் பென்சிலை வைத்து, 'எதைச் சொல்கிறேன் என்று கொழும்பில் இருப்பவருக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள். தெரியும் என்றால் 'த'. தெரியாது, எண்ணக்கூடியது, ஒன்றுதான் என்றால் 'எ' அல்லது 'ஆன்'. தெரியாது, பலது அல்லது அரிசிச் சாக்கு என்றால் ஒன்றும் போடாதீர்கள், அல்லது 'ஸம்' போடுங்கள். முதல் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும், எரிச்சலும் வரும். ஒரு மாதம் செய்தால் பென்சில் நிற்கிற இடங்கள் குறையும். எனக்கு இன்னும் சில இடத்தில் நிற்கிறது, அதை மறைக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள்: "ஐ ஆம் வெயிட்டிங் ஃபோர் த யுவர் ரிப்ளை." பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இருப்பது ஓராள் ஆசனம். 'எ', 'த', 'மை', 'யுவர்', 'திஸ்', 'நோ' எல்லாம் அதற்குப் போட்டி போடுகிறவர்கள். ஒருவர் இருந்தால் மற்றவர் நிற்க வேண்டும். உங்கள் பந்தியில் 'நோ வோல்' என்று எழுதியபோது நீங்களே அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இங்கே 'யுவர்' ஏற்கனவே இருந்துவிட்டது, 'த'வை இறக்கிவிடுங்கள்.